ஆங்கில நாட்டுச் சிற்றூர் மதுச்சாலைகள்

மதுச்சாலையின் வரலாற்றை மாணாக்கர் கையிற் கொடுத்தல் தகுமோ என ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். குடியின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு எமது நோக்கமன்று. மன்னரும் போர்களும் மலிந்த வரலாற்று நூல்களிற் பெயரில்லாத உழவரும், கூலியாளரும், கைம்பெண்டிரும் ஆங்கில நாட்டில் எவ்விடத்து ஒன்றுகூடினர் எனத் தேடப் புகுவோர், ஊர்த் தேவாலயத்துக்கு அடுத்தபடியாக, இன்று ‘பப்’ என வழங்கும் மதுச்சாலையின் வாயிலிலேயே சென்று நிற்பர். அவ்விடம் யாருடைய கையில் இருந்தது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இடைக்காலத்தில் ஊர் மதுச்சாலை என்பது யாதேனும் ஒரு பெண்ணின் அடுக்களையே. முளைகட்டி உலர்த்திய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து, அச்சாற்றைப் புளிக்கவிட்டுப் பெறும் ‘ஏல்’ என்னும் பானம் அக்காலத்து ஆங்கிலேயரின் அன்றாட உணவின் ஒரு கூறு. அது சில நாள்களிற் கெட்டுவிடும். ஆதலின் ஒருத்தி வீட்டுக்கென வடித்தபோது மிஞ்சியதை அயலாருக்கு விற்றாள். அது தீர்ந்தபின் மற்றொருத்தி வடித்தாள். வடித்தவள் தன் வாயிலில் ஒரு கழியை நாட்டி அதன் நுனியிற் பசுந்தழையைக் கட்டுவாள். அயலாரை மட்டுமன்றி, ஏலைச் சுவைத்துத் தரம் காணும் ஊர் அலுவலனையும் அக்கழி அழைத்தது. மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்து (1216-1272) எழுந்த அப்ப, ஏல் விலைச்சட்டம், தானிய விலைக்கேற்ப ஏலின் விலையை வரையறுத்தது. அதன்படி வடிப்போர் பிரபுவின் ஊர்மன்றிலே தவறாது தண்டமிறுத்தனர். குற்றம் செய்தோரும் செய்யாதோரும் ஒருங்கே இறுத்தமையால், இத்தண்டம் அனுமதிக் கட்டணமேயன்றி வேறன்று என்க. அம்மன்றுகளின் ஏடுகளால் நமக்கொரு நன்மை உண்டு. வேறெந்த ஆவணத்திலும் இடம்பெறாத ஏழைப் பெண்டிரின் பெயர்கள் அவற்றிற் காணக்கிடக்கின்றன. நோதாம்ரன்சயர்ப் பகுதியிலுள்ள பிறிக்ஸ்ரொக் என்னும் ஊரில் 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்கு முன்னர் 300க்கு மேற்பட்ட பெண்டிர் ஏல் வடித்து விற்றனர் என்பதை ஜூடித் பெனற் என்னும் வரலாற்றறிஞர் இவ்வேடுகளிலிருந்தே எடுத்துக்காட்டினர்.

அப்பெண்டிரின் கையிலிருந்து இத்தொழிலைப் பறித்தது ஒரு கொடி என்றால் நகைப்புத் தோன்றும். ஹொப் என்னுங் கொடியின் பூவைச் சேர்த்து வடித்த பியர், பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஒல்லாந்தம் முதலிய தாழ்நாடுகளிலிருந்து இங்கிலாந்திற் பரவியது. ஹொப் சேர்ந்த பியர் நெடுநாள் கெடாது. வண்டியேற்றித் தொலைவுக்கு அனுப்பலாம். எனவே பெருங்கலங்களும், பெருமுதலும், கடனும் வேண்டிய தொழிலாயிற்று அது. இவை கணவனில்லாத ஏழைப் பெண்ணுக்கு எங்ஙனம் கிட்டும்? வடிக்கும் தொழில் மெல்ல மெல்ல ஆடவரிடம் சென்றது. பெண்டிர் பலர் பிறர் வடித்ததை விற்போராயினர்.

ஆறாம் எட்வேட் மன்னன் காலத்து 1552ஆம் ஆண்டுச் சட்டம், சமாதான நீதவான் இருவரின் அனுமதியின்றி எவரும் ஏல்மனை நடத்தலாகாது என விதித்தது. 1577ஆம் ஆண்டிலே அரசு எடுத்த கணக்கில், எண்ணப்பெற்ற மாவட்டங்களில் மட்டும் 14,000க்கு மேற்பட்ட ஏல்மனைகள் இருந்தன. வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களும், செல்வர்க்குத் திராட்சை மது விற்கும் ‘ரவேண்’ என்னும் கடைகளும் வேறு. அவை தொகையிற் சிலவே. (நம் நாட்டிற் கள்ளுக்கடைக்கு வழங்கும் ‘தவறணை’ என்னுஞ் சொல் இவ்வைரோப்பியச் சொல்லின் வழிவந்ததே.) இன்று சுற்றுலாப் பயணிகள் பழைய மதுச்சாலையென வியந்து நோக்கும் கற்கட்டடங்களிற் பல உண்மையில் அக்காலச் சத்திரங்களாம். துறவியர் மடமொன்று பதினான்காம் நூற்றாண்டிற் கட்டிய நோட்டன் சென் பிலிப் ஊரின் ‘ஜோர்ஜ்’ சத்திரம் அத்தகையது. ஏழையின் ஏல்மனையோ மண்ணும் கூரையுமாய் அழிந்தொழிந்தது.

1830ஆம் ஆண்டில் வெலிங்டன் பிரபுவின் அரசு பியர்மனைச் சட்டத்தை இயற்றியது. வரியிறுக்கும் குடியானவன் எவனும் இரண்டு கினி கட்டி, நீதவானைக் கேளாமலே தன் வீட்டிற் பியர் விற்கலாம் என்றது அது. ஜின் என்னும் கடுமதுவை மக்கள் விடுவர், ஆலை முதலாளிகளின் தனியாட்சியும் தளரும் என ஆட்சியாளர் கருதினர். சில ஆண்டுகளுள் நாடெங்கும் பல்லாயிரம் பியர்மனைகள் தோன்றின. அவ்வாண்டே தென்னாட்டு உழவுக் கூலியாளர் கிளர்ந்தெழுந்து கதிரடிக்கும் பொறிகளை உடைத்தனர். நிலக்கிழார் பலர் கலகத்துக்குக் காரணம் பியர்மனைகளே எனக் கூறினர். இக்கூற்றைத் திகதிகளோடு ஒப்புநோக்குதல் தகும். கென்ற் மாவட்டத்தில் முதற் பொறி உடைந்தது ஓகத்து மாத இறுதியில். பியர்மனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது ஒற்றோபர் மாதத்தில். கூலிக் குறைவும் பசியும் மூட்டிய தீக்கு இன்னுந் திறவாத கடையின்மீது பழிசுமத்தினர்! நீதவானின் கண்ணுக்கெட்டாத இடத்தில் ஏழையர் கூடிப் பேசுவதையே அவர்கள் குடியினும் மிகுதியாக அஞ்சினர் என்பது எமது கருத்து. 1869இல் பியர்மனைகள் மீண்டும் நீதவானின் அதிகாரத்துக்குட் கொணரப்பட்டன.

அதன்பின் அனுமதிப்பத்திரம் அரிய பொருளாகவே, ஆலை முதலாளிகள் மதுச்சாலைகளை விலைக்கு வாங்கிக் குத்தகைக்கு விட்டனர். குத்தகையாளன் அவ்வாலையின் பியரையே வாங்கக் கட்டுண்டான். 1989ஆம் ஆண்டு அரசாணை, 2,000க்கு மேற்பட்ட மதுச்சாலைகளையுடைய ஆலைகள் மிகையானவற்றுள் அரைப்பங்கை இப்பிணைப்பினின்றும் விடுவிக்க வேண்டுமென்றது. விடுபட்டவற்றுட் பெரும்பகுதியை ஊரவர் பெற்றாரல்லர். மதுச்சாலைகளை வாங்கிக் குத்தகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட கம்பனிகள் பெற்றன. சிற்றூர்களிற் பல மதுச்சாலைகள் மூடுண்டு வீடுகளாக மாற்றப்பட்டன.

2011ஆம் ஆண்டுச் சட்டமொன்று, விற்பனைக்கு வரும் மதுச்சாலையை ஊரவர் தாமே வாங்க முயல்வதற்கு ஆறு திங்கள் தவணை பெற வழிசெய்தது. தவணை பெற்றும் பணம் திரட்ட இயலாது இழந்த ஊர்களும் உள. இச்சட்டத்துக்கு முன்னரே, கம்பிரியாவின் மலையடிவாரத்திலுள்ள ஹெஸ்கெற் நியூமார்க்கற் என்னும் சிற்றூரார் 2003ஆம் ஆண்டிற் கூட்டுறவாகச் சேர்ந்து, ‘ஓல்ட் கிறவுன்’ என்னும் தம் ஊர் மதுச்சாலையை விலைக்கு வாங்கினர். அதன் பின்புறத்துக் களஞ்சியத்தில் 1988இல் தொடங்கிய சிறு வடிப்பகத்தை அவ்வூரிற் கூட்டுறவாளர் 1999இலேயே வாங்கியிருந்தனர்.