சுரங்கம் வளர்த்த தோள்

வேகப்பந்து வீசுகிறவனின் உடம்பை இன்றைக்கு ஜிம்மில் வளர்க்கிறார்கள். எத்தனை ஓவர் போட்டான்னு எண்ணி ஓய்வும் குடுக்குறாங்க. நல்லது. ஹெரால்டு லார்வுட்டின் உடம்பை வளர்த்தது நிலக்கரிச் சுரங்கம். 1904இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 14 வயதில் சுரங்கத்துக் குதிரைகளோடு வேலை. அந்த முதுகும் தோளும்தான் பிறகு பந்து வீசின. வேகமாப் போட ஆள் வேணும்னா சுரங்க வாயில நின்னு விசிலடி என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு.

ஆட்டத்திலும் இரண்டு சாதி இருந்தது என்றுதான் சொல்வேன். காசு வாங்காமல் ஆடும் கனவான்; கூலிக்கு ஆடுகிறவன். தனித்தனி அறை, பல மைதானங்களில் தனித்தனி வாசல். 1962இல்தான் அதை ஒழித்தார்கள். இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இதுக்குப் பதவுரை வேணுமா என்ன?

1932-33 ஆஸ்திரேலியத் தொடரில் மட்டையாளர் உடம்பைக் குறிவைத்துப் போடச் சொன்னவர் கேப்டன் ஜார்டின், ஆக்ஸ்ஃபோர்டு கனவான். லார்வுட் போட்டார், 33 விக்கெட். கடைசி டெஸ்டில் பாதத்து எலும்பு முறிந்தது. அப்பவும் ஜார்டின் விடல. பிராட்மன் அவுட் ஆகும்வரை மைதானத்திலேயே நிற்க வைத்தார்.

எம்.சி.சி.க்கு மன்னிப்பு எழுதிக் கொடு என்று 1934இல் கேட்டது லார்வுட்டிடம்தான். கேப்டன் சொன்னதைச் செஞ்சவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? கையெழுத்துப் போட மறுத்தார். இங்கிலாந்துக்காக அதன்பின் அவர் ஆடவேயில்லை. ஜார்டினோ 1933-34இல் கேப்டனாகவே இந்தியாவுக்கு வந்து ஆடிவிட்டுப் போயிருந்தார். 1950இல் லார்வுட் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோனார்.