வசந்த விகார்
சென்னையில் அடையாற்றின் வடகரையில், கிரீன்வேஸ் சாலையிலுள்ள மரங்கள் அடர்ந்த வளாகம். இந்திய கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் தலைமையகம். தென்கரையில் இருக்கும் பிரம்மஞான சபையின் கடற்கரையில்தான் 1909இல் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியை அச்சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்டார். உலக குருவாக வளர்க்கப்பட்ட கிருஷ்ணமூர்த்தி, தமக்கென அமைக்கப்பட்ட நட்சத்திரச் சங்கத்தை 1929இல் ஹாலந்தின் ஓமன் நகரில் தாமே கலைத்தார். பின்னர் சென்னை வரும்போது தங்கியது ஆற்றின் இக்கரையில்.

மாலை வேளைகளில் இங்கு மரத்தடியில் உரையாற்றினார். கோபம், பொறாமை, பயம் எழும்போது அவற்றை அடக்காமல், நியாயப்படுத்தாமல், பெயர்கூடச் சூட்டாமல் கவனிப்பதே அவர் சொன்ன தேர்வற்ற விழிப்புணர்வு. மந்திரம், மூச்சுப்பயிற்சி, குரு எதையும் அவர் பரிந்துரைக்கவில்லை. ‘படிப்படியான முன்னேற்றம்’ என்பதையே மறுத்தவரைச் சுயமுன்னேற்ற நூல்களின் அலமாரியில் வைப்பது பொருந்தாது. ஆனால் கடைகளில் அங்கேதான் கிடைக்கிறார்!

அவரது கடைசிப் பொது உரை 1986 ஜனவரி 4 அன்று இங்கு நிகழ்ந்தது. பிப்ரவரி 17இல் கலிபோர்னியாவின் ஓஹாயில் காலமானார். நூலகமும் ஆய்வு மையமும் இங்கு இயங்குகின்றன.