தமிழெழுத்தும் இரவல் நிரலகங்களும்

1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையிட்டபோது வடிவம் மாறிய எழுத்துகள் 13 மட்டுமே. ணை, லை, ளை, னை என்னும் நான்கும், ணா, றா, னா முதலிய ஒன்பதும் புதுவடிவம் பெற்றன. பின்னர் மலேசியாவும் சிங்கப்பூரும் அவற்றைக் கைக்கொண்டன. ஈய அச்செழுத்து வழங்கிய இடங்களில் இம்மாற்றத்தின் சுமை ஒவ்வோர் அச்சகத்தின் மீதும் தனித்தனியே விழுந்தது. பெட்டியில் பழைய எழுத்துக் கிடக்கும் வரை தாளிலும் பழைய வடிவமே ஏறும். கணினி வந்தபின் இத்தொல்லை ஒழிந்தது என்று கருதுவோர் உளர். முற்றும் ஒழிந்துவிடவில்லை.

டெபியன் போன்ற திறமூல இயங்குதளம் ஒருவர் கையால் உருவானதன்று. எழுத்தைத் திரையில் அடுக்குதல், கோப்பைச் சுருக்குதல், செய்தியை மறையாக்குதல் ஆகிய தொழில்களுக்குப் பிறர் எழுதிவைத்த நிரல் தொகுதிகளையே அது இரவலாகப் பெறுகின்றது. இத்தொகுதிகளே நிரலகங்கள். ஆக்கியோர் தம் நிரலகத்தைத் திருத்துந்தோறும், இரவல் பெற்றோரும் அத்திருத்தத்தைத் தேடிக் கொணர்தல் வேண்டும். இப்பணியைச் செய்வோரிற் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள் என்பது நினைக்கத்தக்கது.

தமிழுக்கு இவற்றுள் மிகவும் வேண்டப்படுவது ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம். 'ஹர்ஃப்' என்பது எழுத்து. 'பாஸ்' என்பது திறந்தது. இரண்டும் பாரசீக வழக்கு. 'கெ' என்று எழுதுங்கால் கணினியின் நினைவில் முதலில் நிற்பது ககரம். ஒற்றைக்கொம்பு அதன் பின்னரே நிற்கும். திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும். 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமர்கின்றது. இந்த இடமாற்றத்தைச் செய்வது இந்நிரலகத்தின் தொழில். இதன் முன்னோடி நிரல் ஃபிரீடைப் திட்டத்தில் பிறந்தது. அதனைப் பாங்கோ, கியூட்டி என்னும் இரண்டு திட்டத்தார் தனித்தனியே எடுத்து வளர்த்தனர். ஓரிடத்தில் திருந்திய பிழை மற்றோரிடத்தில் அப்படியே கிடக்க இடமாயிற்று. பின்னர் இருகிளையும் ஒன்றாக்கப்பட்டன. அதன்பின் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பார் அதனைப் புதிதாகவே எழுதினார். ஒரே பாட்டின் இரண்டு ஏடுகள் வேறு வேறு பாடங்களைக் கொண்டு பிரிவதையும், பதிப்பாசிரியர் அவற்றை ஒப்புநோக்கி ஒன்றாக்குவதையும் அறிந்த தமிழாசிரியர்க்கு இச்செய்தி புதிதன்று.

நகல் பெருகுவதன் தீங்கை உலகம் உணர்ந்தது 2002ஆம் ஆண்டில். கோப்புச் சுருக்கத்திற்குரிய 'சீலிப்' நிரலகத்தில் ஒரு பிழை வெளிப்பட்டது. நிரலகத்தைத் திருத்துதல் எளிதாயிற்று. ஆயின் லினக்ஸின் கருநிரல் உட்படப் பல மென்பொருள்கள் அதன் நகலைத் தம்முள்ளேயே பொதிந்து வைத்திருந்தன. ஒவ்வொன்றையும் தேடித் திருத்தவேண்டியதாயிற்று. ஒரு நிரலகத்தின் நகலைப் பிற பொதிகளுக்குள் புதைத்து வைத்தலாகாது என்று டெபியனின் கொள்கை நூல் வலியுறுத்துவதற்குக் காரணம் இதிலிருந்தே விளங்கும்.

அப்படியாயின் எப்போதும் புதியதையே கொள்ளுதல் நன்றா? 2012இல் வெளிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். பதிப்பொன்றில் நுழைந்த பிழை, 2014 ஏப்ரல் 7ஆம் நாள் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெயரோடு வெளியாயிற்று. கணினிகளின் நினைவிலிருந்த கடவுச்சொற்களும் மறைத்திறவுகளும் பிறர் கைக்குப் போகும் நிலை. டெபியனார் தம் நிலைப்பதிப்பில் புதிய பதிப்பை ஏற்றவில்லை. பழைய பதிப்பிலேயே அப்பிழையை மட்டும் அன்றே திருத்தினர். பதிப்பெண் பழையதாகவே நின்றமையால், அதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் ஏமாறுவர். அதற்கு முன் வந்த பதிப்புகளில் இப்பிழையே இல்லை என்பதும் நோக்கத்தக்கது. 2024இல் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 'எக்ஸ்செட்' நிரலகத்திற்காகச் சில ஆண்டுகள் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் அதில் கள்ளவழி ஒன்றை ஒளித்துவைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஆந்திரேஸ் ஃபிராய்ண்ட் மார்ச் 29ஆம் நாள் அதனை வெளிப்படுத்தினார். கள்ளவழி டெபியனின் சோதனைப் பதிப்பை எட்டியிருந்தது, நிலைப்பதிப்பை எட்டவில்லை. மெதுவாகச் சென்றவர் தப்பினர்.

எழுத்துக்கோ இம்மெதுநடை பகை. தமிழுக்குரிய இடம் ஒருங்குறியில் 1991 முதலே உண்டு. 'ஶ' என்னும் கிரந்த எழுத்து 2005இல் சேர்ந்தது. அதனை மெய்யென்று அறியாத பழைய நிரலகம் 'ஶெ' என்பதன் கொம்பை முன்னே கொண்டுவராது. 2019 மார்ச்சில், முந்திரி, காணி, மா முதலிய பின்னக்குறிகளும் வழக்கிழந்த அளவைக் குறிகளுமாக 51 தமிழ்க்குறிகள் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் இடம்பெற்றன. முந்திரி 320இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. எண்சுவடியைக் கணினியில் பதிப்பிக்க விழைவோர்க்கு இது பெரும்பேறு. எனினும் குறி திரையில் தோன்ற எழுத்துரு வேண்டும். அது எவ்வகைக் குறி, அதன் எண்மதிப்பு யாது என்பதை ஐ.சி.யு. போன்ற நிரலகமும் அறிந்திருக்க வேண்டும். பினாங்கின் பெருநிலப் பகுதியாகிய புக்கிட் தெங்காவிலிருந்து ஒருவர் அக்குறிகளை எழுதி அனுப்பலாம். தஞ்சையில் அதைப் பெறுபவரின் கைப்பேசி, ஆக்கிய நிறுவனம் புதுப்பித்தலை 2019க்கு முன்பே நிறுத்திவிட்ட ஒன்றாயின், காணியும் முந்திரியும் அதில் வெறுங் கட்டங்களாகவே தோன்றும்.