தலைக்கு ஓரணா

1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. மன்றத்தின் தலைவர் பிட்டி தியாகராயர். அங்கே படிக்க வருகிறவர்கள் மிகவும் ஏழைகள், வறுமையால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்பது அவர் முன்வைத்த காரணம். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆயிற்று.

1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய அரசு அனுமதிக்கவில்லை. கல்விக்கான பணம் கல்விக்கு, இட்லிக்கு இல்லை என்ற கணக்கு. இரண்டே வருடத்தில் இருமடங்கு பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்த செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படுவது என்ற கேள்வியில் அடிபட்டுப் போனது.

எளிய பிள்ளைகளுக்கென்று அரசு கூடுதலாக ஒதுக்கும் பணத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓரணாதான் நினைவுக்கு வருகிறது. எவ்வளவு கொடுத்தார்கள் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதை வாங்க ஒரு பிள்ளை எதை நிரூபிக்க வேண்டியிருந்தது, குறிப்பாக ஒரு பெண் பிள்ளை எதைக் காட்ட வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் பள்ளிகளுக்கு மானியம் தேர்ச்சியைப் பார்த்து வழங்கப்பட்டது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கேட்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம். வாத்தியாரின் பிழைப்பு அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் சிறுமி, நடவு நாளில் தாயோடு வயலுக்குப் போய்விடும் சிறுமி, இப்படி விட்டு விட்டு வருகிறவள் அந்த ஏற்பாட்டில் நட்டக் கணக்கு. அவளைச் சேர்த்துக்கொள்ள எந்த வாத்தியாருக்கு மனம் வரும்?

ஆட்சியாளர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, பெண் பள்ளிகளுக்கு ஆண் பள்ளிகளைவிட எளிய நிபந்தனைகளில் மானியம் தரச் சொன்னது. பூனாவில் அந்தக் குழுவின் முன் சாட்சியம் சொன்னவர்களில் பண்டித ரமாபாயும் ஒருவர்; பெண்களுக்குக் கற்பிக்கப் பெண்களையே பயிற்றுவியுங்கள் என்று அவர் கேட்டார். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை, பஞ்சமி நிலத்துக்கு மட்டும் காரணமாக அமையவில்லை. 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கென்று ஓர் அரசாணை வந்தது. பெரிய சேரிகளில் தனிப் பள்ளிகள், கூடுதல் மானியம், பஞ்சமரிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கு வருவோருக்கு உதவித்தொகை என்று அது போனது. அடுத்த ஆண்டு ஆல்காட் தம் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பின்னர் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளும், இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இந்த வழியில் வந்தவைதான்.

ஆக, பெண் என்றால் ஒரு சலுகை, பஞ்சமர் என்றால் ஒரு சலுகை. இரண்டுமாக இருந்தவள் எந்தப் பத்தியில் வருவாள்? பெண் கல்வி பற்றிய பேச்சில் பெண் என்றால் திரைபோட்ட வண்டியில் பள்ளிக்கு வருகிறவள். பஞ்சமர் கல்வி பற்றிய பேச்சில் பிள்ளை என்றால் பையன். சேரிச் சிறுமி இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

இதை வெறும் குற்றச்சாட்டாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. ஏனென்றால் பணம் சரியான இடத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் மிகச் சிறந்த உதாரணமாக இருப்பதே இந்தச் சிக்கலோடுதான் இருக்கிறது. சகோதரி சுப்புலட்சுமியைச் சொல்கிறேன். பதினோரு வயதில் விதவையானவர், 1911இல் பட்டம் பெற்றார். 1912இல் எழும்பூரில் ஒரு சில இளம் விதவைகளோடு ஓர் இல்லத்தைத் தொடங்கினார். பெண் பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியர்கள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த கல்வித் துறைக்கு, மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த இந்தப் பெண்கள் ஆசிரியர்களாகக் கூடியவர்கள் என்று தோன்றியது. ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் துணை நின்றார். அரசு செலவை ஏற்றது. விடுதி கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அங்கிருந்து ஆசிரியர்களாகவும் தலைமையாசிரியர்களாகவும் வெளியே வந்தவர்கள் சென்னை மாகாணத்தின் பெண் பள்ளிகளைத் தாங்கினார்கள்.

ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது. மற்ற சாதி விதவையும் விதவைதான், அவளுக்கும் பசித்தது. சுப்புலட்சுமியின் துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அவர் காலத்தில் அந்த மதிலுக்குள் அதைச் செய்ததே பெரிய காரியம். அரசின் பணம் மதிலைக் கேள்வி கேட்கவில்லை, மதிலுக்குள் இருந்தவர்களுக்குச் சோறு போட்டது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லம் தொடங்கியதற்குக் காரணமே, தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறி வந்து அவர் கதவைத் தட்டிய பெண்களை நகரத்து விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்ததுதான்.

ஓரணாச் சிற்றுண்டி மீண்டும் பெரிதாகத் திரும்பி வந்தது 1956இல். காமராசர் ஆட்சி, கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு. அதில் ஆறு காசு அரசு, நாலு காசு ஊர். அந்த நாலு காசு பல ஊர்களில் காசாக வரவில்லை. நெல்லாக வந்தது, விறகாக வந்தது, காய்கறியாக வந்தது. யார் வீட்டுக் குதிரிலிருந்து, யார் முறத்திலிருந்து வந்தது என்று பேரேடு சொல்லாது. ஒரு கை அரிசியை எடுத்து வைக்கிற வேலை எந்த வீட்டிலும் ஆண்களின் வேலையாக இருந்ததில்லை.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984இல் அது பத்தாம் வகுப்பு வரை நீண்டது. மையத்துக்கு மூன்று பேர்: அமைப்பாளர், சமையலர், உதவியாளர். விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை. கிராமத்துப் பெண்களில் பெருந்தொகையானோர் அரசின் ஊதியப் பட்டியலில் முதல்முறையாகப் பெயர் எழுதிக்கொண்டது அப்போதுதான். ஆனால் அதற்கு ஊதியம் என்ற பெயர் இல்லை, தொகுப்பூதியம் என்று பெயர். பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம் ஆயிற்று. புகையில் நின்று நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள் பகுதிநேர ஊழியர் என்றே ஏட்டில் இருந்தாள், அதை மாற்றச் சொல்லி மறியல் செய்து கைதாகி மண்டபங்களில் அடைபட்டாள். பிள்ளைகளுக்கான கூடுதல் நிதி என்று நாம் சொல்வதில் ஒரு பங்கை, கிடைக்காத சம்பளமாக இந்தப் பெண்கள்தான் போட்டிருக்கிறார்கள் என்பது என் கணக்கு.

எத்தனை திட்டங்களைப் பார்த்தாலும் இந்தச் சாப்பாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு வந்தால் போதும். தாசில்தாரிடம் போய்ப் பசிக்கிறது என்று எழுதி வாங்கி வர வேண்டியதில்லை. பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பதும், யார் சமைக்கிறார்கள் என்பதும் ஊருக்கு உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைப்பதை எதிர்த்துப் பெற்றோர் சிலர் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே ஆணை ரத்தானது, வழக்குப் பதிவானது.

தட்டு கேட்காததை மற்றத் திட்டங்கள் கேட்டன. 1977-78இல் மத்திய அரசு ஒரு கல்வி உதவித்தொகையைத் தொடங்கியது. மலம் அள்ளுவோர், தோல் உரிப்போர், தோல் பதனிடுவோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கானது அது. தமிழில் இதற்கு நம் அலுவலகங்கள் வைத்த பெயர், சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கான உதவித்தொகை. நோக்கத்தில் குறையில்லை. அந்தப் பிள்ளைகள் படித்தால் அந்தத் தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஆனால் விண்ணப்பத்தோடு சான்று வேண்டும். அம்மா இந்தத் தொழில்தான் செய்கிறாள் என்று ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

1993இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து சட்டம் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. எங்கள் எல்லையில் அப்படி யாரும் இல்லை என்று உள்ளாட்சிகள் எழுதிக் கொடுத்தன. அதே எல்லைக்குள், அதே ஆண்டில், பள்ளியிலிருந்து ஒரு சிறுமி அம்மாவுக்காகச் சான்று வாங்க வருவாள். இல்லாத வேலைக்குச் சான்று தர முடியாது. வேலையோ விடியற்காலையில் நடந்துகொண்டேதான் இருந்தது. பல ஆண்டுகள் வீட்டிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தொகை ஆண்டுக்கு 1,850 ரூபாய். அதற்காக வகுப்பில் அவள் பெயரைத் திட்டத்தின் பெயரோடு சேர்த்து வாசிப்பார்கள். நான் படித்த பள்ளியிலும் உதவித்தொகைப் பட்டியல் வந்தால் பெயர் வாசித்து எழுப்பி நிறுத்துவார்கள். எழுந்து நின்றவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், உட்கார்ந்திருந்த நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். பெயரைக் கேட்டும் எழாமல் இருந்தவளை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டு அவளுக்குப் பணம் வரவில்லை.

பெண் என்பதற்காகத் தரப்பட்ட பணத்திலும் இப்படி ஒரு சான்று இருந்தது. அது கல்யாணப் பத்திரிகை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. பிறகு தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது, தொகையும் உயர்ந்தது. 2011இல் பத்தாம் வகுப்புக்கு 25,000, பட்டம் அல்லது பட்டயத்துக்கு 50,000, அதோடு தாலிக்கு 4 கிராம் தங்கம். 2016இல் தங்கம் 8 கிராம். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குள் வளர்க்கப்பட்டு, அதை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடி, நாவல் எழுதி, மேடை மேடையாகப் பேசிய ஒரு பெண்ணின் பெயரில் அரசு தாலி வழங்கியது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் சொல்வதையும் சேர்த்தே எழுதுகிறேன். "பத்து பாஸ் பண்ணாத்தான் பணம்னு சொன்னதாலதான் எங்கப்பா என்னை விட்டாரு" என்பார்கள். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் தள்ளிப்போன கல்யாணங்கள் உண்டு. பணம் மாப்பிள்ளை வீட்டுச் சீராகப் போனது என்றாலும் பத்தாம் வகுப்பு அவளிடமே தங்கிவிட்டது. பெண்ணியம் பேசும் நாங்கள் இந்தத் திட்டத்தைக் கேலி செய்த அளவுக்கு, அதை ஏணியாக்கிக்கொண்ட பெண்களிடம் கேட்கவில்லை.

2022இல் அதே பெயர் வேறு இடத்துக்கு வந்தது. திருமண உதவி, உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் என்ற பெயரில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். கல்யாணப் பத்திரிகை வேண்டாம். பணம் அவள் பெயரில் இருக்கும் கணக்குக்கு வருகிறது. மூவலூர் அம்மையாருக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நியாயம் என்று வகுப்பில் சொன்னேன். ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். அப்பாவிடம், அண்ணனிடம். சிலரிடம் அவர்கள் கைப்பையிலேயே. பேருந்துக் கட்டணம் இல்லாததால் அந்த ஆயிரம் விடுதிக்கும், நாப்கினுக்கும், ஜெராக்ஸுக்கும், வீட்டில் அடகு வைத்த தோட்டின் வட்டிக்கும் போகிறது. ஒருத்தி மூன்று மாதப் பணத்தைச் சேர்த்துக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். கரும்பலகை இரண்டு வருடமாகத் தெரியவில்லை என்று அப்போதுதான் சொன்னாள்.

அந்த வகுப்பில் பணம் வராத பெண் ஒருத்தியும் இருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் மட்டும், அப்பா இறந்த வருடம், மாமா வீட்டில் தங்கிப் பக்கத்துத் தனியார் பள்ளியில் படித்தாள். மாமா கட்டிய பணம் ஒரு வருடத்தோடு தீர்ந்ததும் பழைய அரசுப் பள்ளிக்கே திரும்பிவிட்டாள். ஏழு ஆண்டில் ஓர் ஆண்டு குறைகிறது. விண்ணப்பம் திரும்பி வந்தது. அப்பாவின் இறப்புச் சான்றிதழை இணைத்து மறுபடி எழுதிப் பார்க்கலாம் என்றேன். நகல் எடுக்க இருபது ரூபாய் ஆகும் என்றாள். சென்ற வாரம் இருவரும் உட்கார்ந்து கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறோம்.