திண்ணையும் ஸுஃப்பாவும்: வீடு தெருவுக்குத் தந்த இடம்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, வைகையை நோக்கிச் சரியும் சமவெளியில் அமைந்த ஊர் நிலக்கோட்டை. பாளையக்காரர் ஆண்ட ஊர். இன்று மலர்ச் சந்தையால் பெயர் பெற்றது. 1755ஆம் ஆண்டு மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராகப் பொறுப்பேற்றார். 1792இல் அப்பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையைப் பற்றியும், ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியுள்ள பேகம்பூர்ப் பள்ளிவாசலைப் பற்றியும் வரலாறு பேசுகிறது. ஆனால் இச்சமவெளியின் எளிய வீடுகள் தம் வாசலில் கட்டி வைத்த திண்ணையைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் இடிபடுவதும் அதுவாகவே இருப்பதால், அதன் கதையை நாம் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

திண்ணை கட்டும் முறை எளியது. கல்லாலோ செங்கல்லாலோ விளிம்புச் சுவர் எழுப்பி, நடுவே மண்ணும் உடைகல்லும் நிரப்பித் திமிசுக்கட்டையால் இறுக்குவர். மேலே சுண்ணாம்புச் சாந்து பூசுவர். வசதியற்ற வீடுகளில் சாணத்தால் மெழுகுவர். சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் கலப்பது பழைய கொத்தனார்களின் கைமுறை. ஒரு முனையில் தலை சாய்க்கத் திண்டு போன்ற மேடு அமைப்பதும் உண்டு. கூரையைத் தாங்கப் பனஞ்சட்டங்கள் போதும். செல்வர் வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் நின்றன. தூணுக்கு மரம் கொண்டவர்கள் தளத்துக்கு மரத்தைத் தேடவில்லை. கறையானும், மாறி மாறி வரும் வெயிலும் மழையும் மண்ணை ஒட்டிய மரத்தை விட்டுவைப்பதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதன் தனித்தன்மை இடத்தில் இருக்கிறது. நிலமும் செலவும் வீட்டாருடையவை. பயனில் பெரும்பகுதி பிறருடையது. வழிப்போக்கர் இளைப்பாறினர், வணிகர் மூட்டை இறக்கினர், ஊர் வழக்குகள் பேசித் தீர்க்கப்பட்டன. திண்ணைப் பள்ளிக்கூடம் என்னும் பெயரே கல்வி எங்கே நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகத் தெரிவித்தது. அவற்றில் பலவற்றுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. நம் சிறுவர் பலர் அரபு எழுத்துக்களை முதன்முதலில் கற்றதும் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில்தான்.

இத்தகைய மேடைக்கு இஸ்லாமிய வரலாற்றில் மேலான முன்மாதிரி உண்டு. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல், வெயிலில் உலர்த்திய மண்கல் சுவரும் பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையும் கொண்டது. ஹிஜ்ரி 2இல் தொழுகைத் திசை கஅபாவை நோக்கித் திரும்பியபோது, வடபுறக் கூரைநிழல் முன்பகுதி என்னும் நிலையிலிருந்து பின்பகுதியாயிற்று. அதுவே ஸுஃப்பா. வீடற்ற ஏழைத் தோழர்கள் அங்கே தங்கினர், அங்கேயே கற்றனர். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்தோழர்களுள் ஒருவர். வேலை முடிந்த ஒரு கூரைநிழல் வீடற்றோருக்கு வீடாகவும் கல்விக்கூடமாகவும் மாறியது.

அந்த அரபுச் சொல் துருக்கி வழியாக ஐரோப்பா சென்று, சோபா என்னும் வடிவில் நம் வரவேற்பறைக்குத் திரும்பி வந்திருக்கிறது. எகிப்தியர் வாசல் மேடையை மஸ்தபா என்றனர். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முஸ்லிம்களின் வீடுகளில் வாசற்கல் மேடைக்குப் பராஸா என்று பெயர்; அச்சொல்லே சுவாஹிலி மொழியில் அவை, மன்றம் என்னும் பொருளையும் பெற்றது.

திண்ணையைப் பொற்காலச் சின்னமாக்கிப் புகழ்வதும் நேர்மையாகாது. பல ஊர்களில் ஒடுக்கப்பட்டோர் அதில் அமர முடிந்ததில்லை. பெண்களுக்கும் அது எட்டாத இடமாகவே பெரும்பாலும் இருந்தது. அவர்களுடைய உரையாடலும் பூத்தொடுத்தலும் உள்முற்றத்திலும் கொல்லைப்புற மேடையிலும் நடந்தன. எனவே வீட்டின் பின்புறத்தில் ஒரு மேடை அமைப்பதை அந்நியப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்று கொல்லையிலும் மாடியிலும் டெக் எனப்படும் மரத்தளம் அமைக்கும் ஆர்வம் நம்மிடையே பரவிவருகிறது. இது அமெரிக்கப் புறநகர்களில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் செழித்த வழக்கம். காரும் தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் வந்தபின், அங்கே தெருவைப் பார்த்த முன்தாழ்வாரம் ஆளற்றுப்போனது. குடும்பம் வேலியிட்ட பின்புறத்துக்கு நகர்ந்தது. மண்ணருகே மரம் நிலைக்க வழி செய்தவர்களுள் ஓர் இந்தியரும் உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புக்களை மரத்தில் ஏற்றும் முறையை 1933இல் கண்டவர் சோண்டி காமேசன் என்னும் வேதியியலர். அம்மருந்தின் நச்சுத்தன்மை கருதி, 2003ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுப் பயனுக்கான மரங்களில் அது கைவிடப்பட்டது.

பின்புற மேடையால் குற்றமில்லை. முன்புற மேடை இருந்த இடத்தில் இரும்புக் கதவு மட்டும் நிற்பதே இழப்பு. தெரு மட்டம் உயர்ந்து, வாகனம் நிறுத்த இடம் தேவைப்பட்டு, திருட்டு பற்றிய அச்சமும் சேர்ந்து திண்ணையை விழுங்கிவிட்டன. காரணங்கள் மெய்யானவையே. ஆயினும் மதிலுக்கு வெளியே, சொந்த நிலத்துக்குள், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கற்பலகையும் அதற்குச் சிறிது நிழலும் அமைக்கப் பெருஞ்செலவு ஆகாது. பூக்கூடை சுமந்து சந்தைக்குச் செல்லும் முதியவள் ஒருத்தி கூடையை இறக்கி வைக்க அது போதும்.

வழியோரம் அமர்வோர் வழிக்குரிய கடமையைச் செலுத்தவேண்டும் என நபிகளார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை அக்கடமையின் கூறுகள். வழியோரம் அமர்வோருக்கே இத்தனை கடமை என்றால், வழியோரம் வீடு கட்டுவோருக்கும் ஏதேனும் கடமை இருக்கத்தான் வேண்டும். வீட்டைப் புதுப்பிக்க வரைபடம் விரிக்கும்போது, தெருவுக்கு எத்தனை அடி என்னும் கேள்வியையும் நாம் பொறியாளரிடம் கேட்போமாக.