ஹோம் ரன் எத்தனை அடிச்சா நிஜம்?

பேஸ்பால் வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்குள் ரொம்ப வருஷமாக ஒரு சண்டை உண்டு. "இந்த கேமில் ஹோம் ரன் அநியாயத்துக்கு அதிகம், நிஜ மேட்சில் இப்படியா அடிக்கிறாங்க?" என்று ஒரு கட்சி. "ஒரு மணி நேரம் ஆடியும் ஒண்ணு கூட வேலியைத் தாண்டலையே, இதெல்லாம் ஒரு கேமா?" என்று இன்னொரு கட்சி. நான் பேஸ்பால் பார்த்ததைவிட இந்தச் சண்டையைப் படித்ததுதான் அதிகம். (வேற வேலையே இல்லையான்னு நீங்க கேட்கறது காதுல விழுது.) படிக்கப் படிக்கத் தோன்றியது இதுதான்: ரெண்டு கட்சியுமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அது என்ன கேள்வி என்பதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் பேசுவோம்.

பேஸ்பால் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு பாரா. ஹோம் ரன் என்பது ஏறக்குறைய நம்ம சிக்ஸர். பந்து வேலியைத் தாண்டி விழணும். ஆனால் மதிப்பு ரொம்பப் பெரிசு. ஒரு டீம் ஒரு மேட்சில் எடுப்பதே சராசரியாக நாலஞ்சு ரன்தான் என்பதால், ஒரே அடியில் மேட்ச் கை மாறிவிடும். அமெரிக்காவின் மேஜர் லீகில் 30 டீம். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு 162 மேட்ச், ஆக மொத்தம் 2,430 மேட்ச். 2014ல் அத்தனை மேட்சிலும் சேர்த்து விழுந்தது 4,186 ஹோம் ரன். நூறு தடவை ஒருத்தர் பேட் பிடிக்க வந்தால் ரெண்டுக்குக் கொஞ்சம் மேலே. 2019ல் அதே லீகில், அதே எண்ணிக்கை மேட்சில் 6,776. நூற்றுக்கு மூன்றரையைத் தாண்டிவிட்டது. இந்த ரெண்டு எண்ணையும் மனசில் வச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அமெரிக்காக்காரர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பேஸ்பால் ஆடினார்கள். 1941ல் ஈதன் ஆலன் என்ற முன்னாள் ஆட்டக்காரரின் யோசனையில் 'ஆல் ஸ்டார் பேஸ்பால்' என்ற பலகை விளையாட்டு வந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வட்டமான அட்டை. அதன் விளிம்பை அளவு பிரித்து எண் போட்டிருப்பார்கள். அட்டையை மாட்டி நடுவில் இருக்கும் முள்ளைச் சுண்டிவிட்டால், அது நிற்கும் எண்தான் முடிவு. 1ல் நின்றால் ஹோம் ரன். நிஜத்தில் நிறைய ஹோம் ரன் அடித்தவருக்கு அந்த 1 என்ற துண்டு அகலம், அடிக்காதவருக்குக் கீற்று. அவ்வளவுதான் விஷயம்!

நாம ஆடின புக் கிரிக்கெட்டை நினைச்சுப் பாருங்க. இடது பக்கத்து எண்ணில் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 இதில் ஒன்றுதான். அப்போ அஞ்சில் ஒரு பந்து சிக்ஸர், அஞ்சில் ஒரு பந்து அவுட். டெண்டுல்கரா இருந்தாலும் பதினோராவது ஆளா இருந்தாலும் அதே கணக்கு. ஆலனின் வட்டம் அந்த இடத்தில்தான் வேறுபட்டது. ஆளுக்கு ஆள் நிகழ்தகவு மாறணும் என்பதை எட்டு வயசுப் பையன் கண்ணாலேயே பார்க்கிற மாதிரி வரைந்து கொடுத்துவிட்டது. ஒரே குறை, எதிரில் பந்து போடுகிற பிட்சர் யாராக இருந்தாலும் வட்டத்துக்குக் கவலை இல்லை.

அடுத்து பகடை. 1951ல் வந்த 'ஆப்பா' விளையாட்டில் ரெண்டு பகடை. ஒன்றைப் பத்தாம் இடமாகவும் மற்றதை ஒன்றாம் இடமாகவும் வாசிக்கணும். 11 முதல் 66 வரை மொத்தம் 36 வாய்ப்புகள். 36ல் ஒன்று என்றால் 2.8 சதவீதம். அதற்கும் நுணுக்கமாகப் போக வேண்டிய ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு தரம் உருட்ட வேண்டியிருக்கும். 1960களின் தொடக்கத்தில் ஹால் ரிச்மேன் விற்க ஆரம்பித்த 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' இன்னும் ஒரு படி மேலே. பதினோரு வயதில் இதை யோசிக்க ஆரம்பித்தவர் அவர். மூன்று பகடையில் முதல் பகடை 1, 2, 3 காட்டினால் பேட்டரின் அட்டையைப் பார்க்கணும். 4, 5, 6 காட்டினால் பிட்சரின் அட்டை. பாதி பொறுப்பு அடிக்கிறவனுக்கு, பாதி போடுகிறவனுக்கு. எவ்வளவு நேர்த்தி பாருங்க.

இந்தப் பகடை விளையாட்டுகளில் ஹோம் ரன் எண்ணிக்கை நிஜத்துக்குப் பக்கத்திலேயே வந்தது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போன வருஷத்துக் கணக்கை எடுத்து, அதையே பகடைக்குப் பிரித்துக் கொடுத்தால், நிறைய தடவை உருட்டும்போது அதே கணக்குதானே திரும்பி வரும்? எங்க வேலையில் இதை மேலிருந்து கீழே வருவது என்போம். முடிவு முதலில், விளக்கம் அப்புறம். விளக்கம் இல்லாமலேயே போனாலும் போகட்டும்.

வீடியோ கேம் வந்தபோது கதை தலைகீழ். 1983ல் ஃபேமிகாமுக்கு நின்டெண்டோவின் 'பேஸ்பால்', 1986ல் நாம்கோவின் 'ஃபேமிலி ஸ்டேடியம்', அதன் அமெரிக்க அவதாரமான 'ஆர்.பி.ஐ. பேஸ்பால்' என்று வரிசையாக வந்தன. இங்கே பகடை உருட்டி முடிவு சொன்னால் ஆடுகிறவன் கோபித்துக்கொள்வான். நான் சரியான நேரத்தில் பட்டனை அமுக்கினேனா, பந்து பேட்டில் எங்கே பட்டது, எவ்வளவு வேகத்தில் கிளம்பியது, இதெல்லாம் கணக்குப் போட்டு, பந்து பறந்து, கடைசியில் வேலியைத் தாண்டுதா என்று பார்க்கணும். கீழிருந்து மேலே. கேட்க அழகாக இருக்கு. ஆனால் ஹோம் ரன் என்பது விளிம்பில் நடக்கிற விஷயம். பந்து கிளம்புகிற வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால், உயர அடித்த பந்து சுமார் 5 அடி கூடுதலாகப் போகும் என்பது பேஸ்பால் இயற்பியலில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. வேலிக்குப் பக்கத்தில் விழுகிற பந்துகள் எக்கச்சக்கம். அஞ்சு அடி தள்ளினாலே அதில் ஒரு கூட்டம் வெளியே போய்விடும். புரோகிராமில் ஒரு எண்ணைக் கொஞ்சம் திருகினால் சீசன் முழுக்கக் கோணலாகிவிடும்.

எவ்வளவு கோணலாகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு அமரகாவியமே உண்டு. 1987ல் ஜாலிகோ நிறுவனம் 'மோயேரோ புரோ யாக்யூ' என்ற கேமை வெளியிட்டது. பிட்சருக்குப் பின்னால் கேமரா, டிவியில் பார்ப்பது மாதிரியே காட்சி, அந்தக் காலத்துக்கு அசத்தல் வேலை. ஆனால் பலசாலி பேட்டர்கள் பன்ட் செய்தால் பந்து வேலியைத் தாண்டிப் பறந்தது. பன்ட் என்றால் பேட்டை வீசாமல், சும்மா பிடித்து, பந்தைக் காலடியில் தட்டிப் போடுவது. தடுப்பாட்டம் ஆடி சிக்ஸர் அடிக்கிற மாதிரி! 'பன்ட் ஹோம் ரன்' என்றால் அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். இதே கேம் அமெரிக்காவில் 'பேஸஸ் லோடட்' ஆனது. கற்பனை டீம்கள், கற்பனை ஆட்டக்காரர்கள். அதில் பேஸ்ட் என்ற ஆளுக்கு 60 ஹோம் ரன், .467 சராசரி என்று போட்டிருந்தார்கள். 60 என்பது 1927ல் பேப் ரூத் அடித்த எண்ணிக்கை.

இயற்பியலை மதித்துச் செய்தவர்களும் உண்டு. டான் டாக்லோ 1971லேயே கல்லூரியின் பிடிபி-10 கம்ப்யூட்டரில் பேஸ்பால் சிமுலேஷன் எழுதியவர். எடி டாம்ப்ரோவருடன் சேர்ந்து அவர் 1987ல் செய்த 'ஏர்ல் வீவர் பேஸ்பால்', ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரம், பந்தின் இயற்பியல் ரெண்டையும் ஒரே கேமில் கொண்டு வந்தது. பேர் கொடுத்த ஏர்ல் வீவர், மூன்று ரன் தரும் ஹோம் ரன்னுக்காகக் காத்திருப்பதே நல்ல உத்தி என்று நம்பிய மேனேஜர். பொருத்தமான ஆள்தான் :-)

அப்புறம் வந்தது மனுஷப் பிரச்சினை. நிஜ பேட்டருக்குப் பந்து வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடி. சோபாவில் உட்கார்ந்திருப்பவன் ஒரே கேமை முந்நூறு மேட்ச் ஆடுவான், பந்தைப் படிக்கக் கற்றுக்கொள்வான். அவன் தேறத் தேற ஹோம் ரன் ஏறும். கேம் செய்தவர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து கஷ்ட நிலைகளும் ஸ்லைடர்களும். பவர் அதிகமா, ரெண்டு புள்ளி இறக்கிக்கோ. கம்ப்யூட்டர் அடிக்கவே மாட்டேங்குதா, ஏத்திக்கோ. அதாவது, எது நிஜம் என்று முடிவு பண்ணுகிற பொறுப்பை நம்ம தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

சரி, ஸ்லைடரை எங்கே நிறுத்தணும்? இங்கேதான் அந்தக் கேட்கப்படாத கேள்வி. நிஜம்னா எந்த வருஷத்து நிஜம்?

1911 முதல் 1914 வரை நாலு வருஷம் அமெரிக்கன் லீகில் ஹோம் ரன்னில் முதலிடம் வந்தவர் ஃபிராங்க் பேக்கர். 'ஹோம் ரன் பேக்கர்' என்றே பேர். அடித்தது 11, 10, 12, 9. ஒரு முழு சீசனுக்குச் சொல்றேன்! 1919ல் பேப் ரூத் 29 அடித்தார். 1920ல் 54. அந்த வருஷம் அமெரிக்கன் லீகின் மற்ற எந்த டீமும் மொத்தமாகச் சேர்ந்துகூட அத்தனை அடிக்கவில்லை. 1918 கணக்கை வைத்து யாராவது ஒரு சிமுலேஷன் எழுதி, அதில் ஒருத்தன் 54 அடித்திருந்தால், கோடில் பக் இருக்குன்னு எழுதினவனை உதைத்திருப்பார்கள். ஆனால் நடந்தது. எச்சில் தடவிப் பந்து போடுவதற்கு 1920ல் கட்டுப்பாடு வந்தது. அதே ஆகஸ்டில் ரே சாப்மேன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தார், அழுக்குப் பந்துகளை உடனுக்குடன் மாற்றுவது தீவிரமானது. எல்லாவற்றுக்கும் மேலே, கீழிருந்து மேலே பேட்டை வீசிய ரூத் என்ற மனுஷன்.

1968ல் பிட்சர்கள் ராஜ்யம். பாப் கிப்சன் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.12. அடுத்த வருஷமே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள். ஸ்லைடரை இறக்கினார்கள் என்றும் சொல்லலாம்! கேமுக்குள்ளே இல்லை, நிஜத்தில். டென்வர் மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று மெலிசு, பந்து பறக்கும். 2002ல் அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய பெட்டியில் வைக்க ஆரம்பித்தார்கள். 2022ல் அது 30 மைதானத்துக்கும் வந்தது.

நடுவில் ஒரு கசப்பான அத்தியாயம். 1998ல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66. 2001ல் பாரி பாண்ட்ஸ் 73. அந்தக் காலத்துக் கேம்கள் அந்தக் கணக்கை விசுவாசமாகப் பின்பற்றின. ஊக்க மருந்து பற்றிய மிட்செல் அறிக்கை 2007 டிசம்பரில் வந்தபோதுதான் அந்தக் கணக்கின் மறுபக்கம் அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. அப்படியென்றால், ஹோம் ரன்னை ரொம்பச் சரியாகக் காட்டிய கேம் எதைச் சரியாகக் காட்டியது? மருந்தையும் சேர்த்துத்தான். கேமுக்கு அது தெரியாது, கேம் செய்தவருக்கும் தெரிய வழியில்லை. இன்னொரு கூத்து: பாண்ட்ஸ் ஆட்டக்காரர் சங்கத்தின் உரிம ஒப்பந்தத்தில் இல்லாததால் 'எம்விபி பேஸ்பால் 2005'ல் அவர் பேரைப் போட முடியவில்லை. பதிலுக்கு ஜான் டவ்ட் என்ற இல்லாத ஆளை அவர் இடத்தில் நிறுத்தினார்கள். ஹோம் ரன்கள் இருந்தன, அடித்தவர் இல்லை.

இப்போ அந்த ரெண்டு எண்ணுக்கு வருவோம். 2014ல் 4,186, 2019ல் 6,776. மேட்ச் கூடவில்லை, மைதானம் சுருங்கவில்லை. லீகே இயற்பியலாளர் ஆலன் நேதன் தலைமையில் ஒரு குழு போட்டது. 2018ல் அவர்கள் சொன்னது: பந்தின் மீதான காற்றுத் தடை குறைந்திருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. 2019 டிசம்பரில் வந்த அடுத்த அறிக்கை, பந்தின் தையல் உயரத்தில் இருந்த வித்தியாசத்தை ஒரு காரணமாகவும், பேட்டர்கள் அடிக்கும் முறை மாறியதை இன்னொன்றாகவும் சொன்னது. தையல் சார், தையல்! அந்த வருஷம் பந்தைப் பற்றிப் பகிரங்கமாகக் கொதித்த பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர். 36 ஹோம் ரன் கொடுத்தும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். விருது வாங்காத பிட்சர்களை யோசித்துப் பாருங்க. ஒருத்தனுடைய அடுத்த சம்பள ஒப்பந்தம் அந்தத் தையல் உயரத்தில் தொங்கியிருக்கும். 2021ல் லீக் பந்தை லேசாக மந்தப்படுத்தியது. 2022ல் எண்ணிக்கை 5,215. அதே 2022ல்தான் ஏரன் ஜட்ஜ் 62 அடித்து அமெரிக்கன் லீக் சாதனையை முறியடித்தார். 2019ல் அடித்த 62ஆக இருந்தால் அதன் எடையே வேற.

ஜெர்மனிக்காரரான மார்கஸ் ஹைன்ஸோன் தொடங்கிய 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' இதற்கு ஒரு நேர்மையான வழி வைத்திருக்கிறது. வருஷத்தைச் சொல்லு, அந்த வருஷத்து லீக் மொத்தத்துக்கு ஏற்ப சரிசெய்து தருகிறேன் என்கிறது. 1941ன் வட்ட அட்டை மாதிரியேதான், முடிவிலிருந்து தொடங்குகிறது. நிஜ எண்ணிக்கை கிடைக்கும். தையலா, மருந்தா, மேட்டின் உயரமா என்று அதனிடம் கேட்க முடியாது.

என் கட்சி இதுதான். ஹோம் ரன் எண்ணிக்கை நிஜத்தோடு ஒத்துப்போவது கேமுக்குப் பெருமைதான், ஆனால் அதை உண்மைக்குச் சான்றிதழாக எடுத்துக்கக் கூடாது. ஒத்துப்போன எண்ணுக்குப் பின்னால் ஒரு ஊசியோ, உயரம் குறைந்த ஒரு தையலோ ஒளிந்திருக்கலாம். பழைய டேட்டாவோடு மாடல் பொருந்திடுச்சுன்னு மார்தட்டுகிற என்னைப் போன்ற ஆட்கள் இந்தச் சரித்திரத்தை ஒருமுறையாவது படிக்கணும். அடுத்த தடவை ஸ்லைடரைத் தொடுபவர்கள், எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பந்து, எந்த வருஷம் என்று கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்க எந்த வருஷத்துல வச்சு ஆடுவீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. என் ஓட்டு 1920க்கு.