பத்தாண்டு என்னும் கணக்கு: இடஒதுக்கீட்டு விவாதமும் வரலாற்றறிவும்

இடஒதுக்கீடு பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடும்: அரசமைப்பை வகுத்தோர் பத்தாண்டுக்கு மட்டுமே அதை அனுமதித்தனர், ஆட்சியாளர்கள் வாக்குக்காக நீட்டிக்கொண்டே போகின்றனர். பத்தாண்டு வரம்பு உண்மையில் 334ஆம் பிரிவில் உள்ளது. அது மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தனித்தொகுதிகளைப் பற்றியது. நீட்டிக்கப்பட்டு வருவதும் அதுவே. 104ஆவது திருத்தத்தின்படி அதன் காலம் இப்போது 2030 வரை. அரசுப் பணிக்குரிய 16(4)இலோ கல்விக்குரிய 15(4)இலோ காலவரம்பே இல்லை.

இதை வெறும் தகவல் பிழை என்று கடந்துவிட முடியாது. பத்தாண்டுக் கதையை நம்புபவருக்கு 1960க்குப் பிந்தைய ஒவ்வோர் ஆண்டும் வாக்குறுதி மீறலாகத் தெரிகிறது. ‘எப்போது முடியும்?’ என்பதே அவருடைய கேள்வி. பிரிவுகளைப் படித்தவரோ, ஒதுக்கீட்டைத் தேவையாக்கிய நிலைமை மாறியிருக்கிறதா என்று கேட்பார். வரலாற்றறிவு ஒருவரை ஆதரவாளராகவோ எதிர்ப்பாளராகவோ ஆக்குவதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை அது தீர்மானிக்கிறது.

இடஒதுக்கீடு எங்கே தொடங்கியது என்னும் அறிவும் அவ்வாறே. கோல்ஹாப்பூரில் சாகு மகராஜ் 1902இலேயே பணியிடங்களில் பாதியை ஒதுக்கினார். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி அரசாணை 1921இல் வந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த முறையைச் செல்லாததாக்கியது. கொதித்தெழுந்த போராட்டத்தின் விளைவாக ஜூனில் முதல் திருத்தம் வழியே 15(4) பிறந்தது. இந்த வரிசையை அறிந்தவர், இடஒதுக்கீடு தில்லி அளித்த சலுகை என்று எண்ணமாட்டார். தமிழகத்தில் இவ்விவாதம் வடக்கிலிருந்து வேறுபட்டு ஒலிப்பதற்கு இந்த நினைவே முதன்மைக் காரணம் என்பது என் துணிபு.

ஆனால் அந்த நினைவிலும் விடுபட்டவை உண்டு. வழக்குக்கு வந்த வடிவில் அரசாணை 14 இடங்களைப் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என முழுவதுமாகப் பங்கிட்டது. பொதுப்போட்டிக்கு ஓரிடமும் இல்லை. இன்றைய முறையை அதன் நேர்த்தொடர்ச்சி என்று மேடைகளில் சொல்வது வரலாற்றைத் தட்டையாக்குவதாகும்.

இன்னொன்றையும் இடஒதுக்கீட்டை ஆதரிக்கும் நம் தரப்பு எதிர்கொண்டாக வேண்டும். அரசமைப்பு அவையில் 1948 நவம்பர் 30 அன்று பேசிய அம்பேத்கர், ஒதுக்கீடு மொத்த இடங்களில் பாதிக்கும் குறைவான பங்குக்குள் நிற்க வேண்டும் என்றார். வரம்பு மீறலுக்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு 70 விழுக்காடு. தமிழகத்தின் ஒதுக்கீடு 69. இதற்கு மறுமொழி உண்டு: பிற்படுத்தப்பட்டோர் மக்கள்தொகையில் எவ்வளவு பேர் என்பதைக் காட்டுவது. அதை மேற்கோள்களால் காட்ட முடியாது, கணக்கெடுப்பு வேண்டும். எல்லாச் சாதிகளையும் எண்ணி நாடு முழுமைக்கும் வெளியிடப்பட்ட கடைசிக் கணக்கு 1931க்குரியது.